வயதும் சர்வீசும் ஒரே நுகத்தில்

நான் ஒரு பொய்யை நான்கு தசம இடம்வரை திருத்தமாக எழுதியவன். அதைத் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, கல்லூரி முத்திரை குத்தி, ஒரு விசாரணைக் குழுவின் முன்னால் வாசித்தும் காட்டினேன். பொய் என்று தெரிந்தே வாசித்தேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று எழுதினால் இந்த வாரமும் நான் யோக்கியனாகவே இருந்துவிடலாம். போன வாரம் இதே பத்தியில் விடுதிச் சாம்பாரைப் படித்துச் சிரித்துக் கடிதம் போட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரம் சாம்பார் இல்லை.

பாளையங்கோட்டையில் தொழிலாளர் துறை அலுவலகத்தின் மாடி அறை. நல்ல கோடை. மின்விசிறிக் காற்றில் காகிதங்கள் பறக்காமலிருக்க அவற்றின்மேல் காலி டீ டம்ளர்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மேசையின் ஒரு பக்கம் நூல் மில் நிர்வாகத்தின் ஆட்கள், மடிப்புக் கலையாத சட்டைகளில். எதிர்ப்பக்கம் பெஞ்சில் தொழிலாளர்கள். மில் சத்தத்தில் எங்கள் காது போய்விட்டது, இழப்பீடு வேண்டும், சத்தம் குறைந்த பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்பது அவர்கள் வழக்கு. பெஞ்சின் முதல் ஆள் இசக்கிமுத்து. என் பள்ளித் தோழன். எங்கள் இருவருக்கும் ஒரே வயது.

நான் புள்ளியியல் பேராசிரியர், நிபுணர். அறிக்கையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதற்காக.

"என்னவே சொல்லுதாரு?" என்று இசக்கிமுத்து பக்கத்திலிருந்த சங்கச் செயலாளரைக் கேட்டான்.

செயலாளர் அவன் காதில் வாயை வைத்துக் கத்தினார்: "ஒங்க காதுக்கும் மில்லுக்கும் சம்பந்தமே இல்லைங்காரு!"

அறை சிரித்தது. அந்தக் கத்தல் அப்படி. குழுவின் தலைவர் சிரித்தார். மடிப்புக் கலையாத சட்டைகள் சிரித்தன. நானும் சிரித்தேன்.

வாரிசு வேலை

மில்லின் பெயர் வேண்டாம். ஆற்றோரத்தில் இருந்த சின்ன மில். பெரிய மில்களின் பெயர் தெரிந்த அளவுக்கு அதன் பெயர் வெளியூரில் யாருக்கும் தெரியாது. இப்போது அது தரைமட்டம். வண்ணக் கொடி கட்டி மனை விற்கிறார்கள்.

அந்த மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. அப்பன் ஓய்வு பெற்றால் பிள்ளை உள்ளே போவான். பிள்ளைக்குப் பதினெட்டு முடியும்வரை அப்பன் இழுத்துப் பிடித்துக்கொண்டு வேலை பார்ப்பான். பதினெட்டு முடிந்த மாதமே மகனுக்கு வேட்டி மாற்றி, காக்கி டவுசர் போட்டு, வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு இவன் வெளியே வருவான். இசக்கிமுத்து அப்படித்தான் போனான். நான் கல்லூரிக்குப் பேருந்து ஏறிய அதே ஆண்டு.

இந்த வழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் பொய் இதன் முதுகில்தான் ஏறி உட்கார்ந்தது.

குழு கேட்ட ஆய்வுக்காக நூற்பு ஷெட்டுக்குள் ஒருமுறை போனேன். கதவைத் திறந்ததும் சத்தம் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. பஞ்சுத் தூசி கண்ணிமையில் உட்கார்ந்தது. உள்ளே யாரும் குரலால் பேசவில்லை. உதட்டை மட்டும் அசைத்தார்கள். எதிர் மிஷின்காரன் அதைப் பார்த்துத் தலையாட்டினான். இசக்கிமுத்து என்னைக் கண்டதும் கடைசி மிஷின்காரனைப் பார்த்து ஏதோ உதட்டை அசைத்தான். ஷெட் முழுக்கச் சிரித்தது. என்ன சொன்னான் என்று வெளியே வந்து கேட்டேன்.

"நல்லாப் படிச்ச பயல்னு சொன்னேன் சார்வாள்" என்றான். அதற்கு அப்படிச் சிரிக்க மாட்டார்கள்.

"சார்வாள்" என்பதையும் கவனித்தேன். பள்ளிக்கூடத்தில் நான் அவனுக்கு வெறும் "ஏலே". பேராசிரியர் ஆன பிறகு அந்த "லே" போய்விட்டது. அன்று எனக்கு அது மரியாதையாகத் தெரிந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு

இனி என் விலை. பணம் இல்லை. பணம் வாங்கியிருந்தால் ஒரு திருடனுக்குரிய கம்பீரமாவது மிஞ்சியிருக்கும். நான் விலைபோனது ஒரு கம்ப்யூட்டருக்கு.

மில் நிர்வாகம் எங்கள் துறைக்கு அதை அன்பளிப்பாகத் தந்திருந்தது. அதற்கென்று ஓர் அறை, அதில் ஏ.சி., ஜன்னலுக்குப் பச்சைத் திரை. உள்ளே போகுமுன் செருப்பைக் கழற்ற வேண்டும். முதல்வரே கழற்றினார். மாலையில் அதற்கு ஒரு துணி உறை போடுவோம். குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி நானே என் கையால் போர்த்துவேன். அதுவரை கையாலும் கால்குலேட்டராலும் வாரக்கணக்கில் போட்ட கணக்கு, இப்போது ஒரு டீ ஆறுவதற்குள் வந்தது. ஓரத்தில் துளை போட்ட நீளத்தாளில் அது கரகரவென்று அச்சாகிற சத்தத்துக்காக வேண்டாத கணக்கெல்லாம் போட்டுப் பார்த்தேன்.

மில்லின் நலத்துறை அதிகாரி ஒரு நாள் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பணிவான மனிதர்.

"வயசானா எல்லாருக்கும் காது மந்தமாகுந்தானே சார்? வயசையும் கணக்குல சேத்துப் பாருங்களேன்."

கேள்வி நியாயமானது. அதனால்தான் அது அவ்வளவு வசதியாக இருந்தது.

கோடு

ரிக்ரெஷன் என்கிற தொடர்புப் போக்கு ஆய்வு, பெயர் பயமுறுத்துகிற அளவுக்குப் பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு தொழிலாளியையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வையுங்கள். கீழே இடமிருந்து வலமாக, எத்தனை ஆண்டு சர்வீஸ். மேலே செங்குத்தாக, காது எவ்வளவு போயிருக்கிறது. புள்ளிகள் கொசுக்கூட்டம் மாதிரி தெரியும். அந்தக் கூட்டத்தின் நடுவே, எல்லாப் புள்ளிகளுக்கும் கூடியவரை பக்கமாக ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு மேல்நோக்கி ஏறினால், சர்வீஸ் கூடக் கூடக் காது போகிறது என்று பொருள்.

ஏற்றம் தற்செயலா என்று பார்க்க டி-சோதனை இருக்கிறது. உண்மையில் ஒரு தொடர்பும் இல்லாவிட்டாலும் இப்படி ஓர் ஏற்றம் குருட்டாம்போக்கில் வந்திருக்குமா என்று அது கேட்கும். அந்த வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே போனால், எண்ணின் தலையில் ஒரு நட்சத்திரம் போடுவோம். ஐந்து என்று ஆகாயத்திலிருந்து யாரும் சொல்லவில்லை. பழக்கம், அவ்வளவுதான்.

சர்வீசை மட்டும் வைத்து முதலில் போட்டேன். கோடு மாடிப்படி மாதிரி ஏறியது. நட்சத்திரம் விழுந்தது. மில்தான் காரணம் என்று கை நீட்டிய கணக்கு.

பிறகு வயதையும் சேர்த்தேன். சர்வீசின் நட்சத்திரம் காணாமல் போயிற்று, வயதுக்கும் விழவில்லை.

ஏன்? வயது, சர்வீஸ் இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கணக்கு இப்படிக் கேட்கும்: ஒரே வயதுள்ள இரண்டு பேரில் அதிகம் வேலை பார்த்தவனுக்குக் காது அதிகம் போயிருக்கிறதா? அப்படி இரண்டு பேர் அந்த மில்லில் கிடையாது. எல்லோரும் பதினெட்டில், மிஞ்சினால் பத்தொன்பதில் நுழைந்தவர்கள். வயது தெரிந்தால் சர்வீஸ் தெரியும். ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடு. எந்தக் காலத்திலும் தனித்தனியாகப் பூட்டிப் பார்க்காத வண்டியில் எந்த மாடு இழுக்கிறது என்று யாரால் சொல்ல முடியும்?

எஃப்

அதே தாளில் இன்னொரு எண்ணும் அச்சாகியிருந்தது. எஃப்-சோதனை. அது மாடுகளைத் தனித்தனியாகப் பார்க்காது. வண்டி ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கும். எஃப்பின் தலையில் நட்சத்திரம் பளபளவென்று இருந்தது.

எஃப் சொன்னது, இந்த இரண்டில் ஏதோ ஒன்றோ இரண்டுமோ இழுக்கிறது. டி சொன்னது, எது என்று பிரித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் போதாது. நான் எழுதியது, வண்டியே ஓடவில்லை.

"சர்வீஸ் ஆண்டுகளுக்கும் செவித்திறன் இழப்புக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை." இதுதான் என் வாக்கியம். டி மதிப்புகளை நான்கு தசம இடத்துக்கு வரிசையாகக் கொடுத்தேன். எஃப் இருந்த வரியை விட்டுவிட்டேன். ஆதாரம் போதவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை இளங்கலை முதலாண்டு மாணவனுக்கு முதல் வாரத்தில் சொல்லித் தருவேன். தேர்வில் அதைத் தவறாக எழுதியவனுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

வழியும் இருந்தது. காது அளந்த டாக்டரே சொன்னார்: "சார், ஆபீஸ் கிளார்க்குகளையும் அளந்துருவமா? அதே வயசு ஆட்கள், சத்தத்துல நிக்காதவங்க. மெஷின் இங்கனதான் கிடக்கு. ஒரு சாயங்கால வேலை."

மாடுகளைப் பிரிக்க அது போதும். நான் "தேவைப்படாது டாக்டர்" என்றேன். ஏ.சி. அறையில் போர்த்தி வைத்திருந்த அந்தச் சாமானை நினைத்துக்கொண்டு சொன்னேன்.

நட்சத்திர வியாபாரம்

நான் ஒருவன்தான் கெட்டவன் என்று சொல்லிக்கொள்வதிலும் ஒரு கர்வம் இருக்கிறது. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இன்று எங்கள் ஊரில் ஆய்வேடு பைண்டிங் செய்யும் கடைகளில் நட்சத்திரமும் கிடைக்கும். ஜெராக்ஸ், லேமினேஷன், கை-ஸ்கொயர் என்கிற புள்ளியியல் சோதனை. ஒருமுறை நானே நின்று கேட்டேன். ஓர் ஆய்வு மாணவர் தன் அட்டவணையை நீட்டி, "நட்சத்திரம் வரலை அண்ணாச்சி" என்று அழாத குறையாகச் சொன்னார்.

"எத்தனை வேணும்?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு வந்தா கைட் கையெழுத்துப் போட்டுருவாரு."

"நாளைக்கு வாங்க. இன்னைக்குக் கரண்ட் இல்லை."

அந்த மாணவரின் ஆய்வு தென்னங்கன்றுக்கு எந்த உரம் என்பதோ, பிள்ளைகளுக்கு எந்தப் பாடமுறை என்பதோ, எனக்கு நினைவில்லை. யாரோ ஒருவர் அதை நம்பி உரம் வாங்குவார். வாய்மொழித் தேர்வில் நாங்கள் முந்திரிக் கேக் தின்றுகொண்டே "நல்ல கண்டுபிடிப்பு" என்போம். அந்தக் கடைக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பொய் எழுதிவிட்டுப் பொய் என்றே விலை சொல்கிறார். நாங்கள்தான் அதற்கு அங்கி மாட்டி மேடையேற்றுகிறோம்.

கெட்டிமேளம்

என் அறிக்கைக்குப் பிறகு வழக்கு தள்ளுபடி ஆயிற்று. யாரையும் வேறு பிரிவுக்கு மாற்றவில்லை. அதே ஷெட், அதே மிஷின். காது இன்னும் போயிற்று. அதைவிட மோசமானது ஊர் கொடுத்த பெயர். நிபுணரே இல்லை என்று எழுதிவிட்டார், அப்படியானால் இவர்கள் காசுக்காக நடித்தவர்கள். "காசுச் செவிடன்" என்று டீக்கடையில் பெயர் வைத்தார்கள். பாக்கிக் காசைக் கண்ணெதிரே கிலுக்கி, "இது கேக்குதா வே?" என்று இளவட்டங்கள் கேட்டதை நானே பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு டீயைக் குடித்து முடித்தேன்.

சில ஆண்டு கழித்து இசக்கிமுத்து மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலத் தட்டோடு வந்து அழைத்தான். போனேன். முகூர்த்த நேரத்தில் அவன் மேடையில் நின்றபடி கூட்டத்தில் யாரையோ கை காட்டி உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தான். கெட்டிமேளம் முழங்கிற்று. மண்டபமே எழுந்தது. அவன் மட்டும் திரும்பவில்லை. மனைவி வேலம்மாள் தோளைப் பிடித்து இழுத்தபோது திரும்பினான். தாலி ஏறிவிட்டது. உள்ளங்கையில் அட்சதையை மூடியபடி கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் போட்டான்.

நான் பந்தியில் உட்கார்ந்து பாயசம் இரண்டாம் முறை வாங்கிக் குடித்தேன்.

நல்ல காது

சமீபத்தில் என் மகள் வந்திருந்தாள். கூப்பிட்டால் நான் பதில் சொல்வதில்லை என்று வண்ணார்பேட்டையில் காது பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். (பதில் சொல்லாதது காதால் அல்ல.) கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, தலையில் கருவியை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். மெல்லிய சீழ்க்கைகள். தூரத்துக் குருவி மாதிரி ஒன்று. எல்லாவற்றுக்கும் அழுத்தினேன்.

"இந்த வயசுக்கு அருமையான காது சார்" என்றது கருவியை இயக்கிய பெண்.

இந்த வயசுக்கு. எனக்கும் இசக்கிமுத்துவுக்கும் ஒரே வயது. ஒரே ஊர், ஒரே ஆற்றுத் தண்ணீர். நான் மில்லுக்குள் போகவில்லை. டாக்டர் அளக்கச் சொல்லி நான் வேண்டாமென்ற அந்த ஒப்பீட்டுக் கூட்டத்தில் ஓர் ஆள் என் சட்டைக்குள்ளேயே இவ்வளவு காலம் உட்கார்ந்திருந்தான், நானேதான். ஓர் ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. எனக்கு நிரூபணம் தேவைப்படவில்லை. அந்தப் பெட்டிக்குள் எனக்கு வெட்கமாக இருந்தது. கதவைத் திறந்துவிடச் சொன்னேன்.

விசாரணை நடந்த அலுவலகத்துக்கு எழுதினேன். அந்தக் காலக் கோப்புகள் விதிப்படி அழிக்கப்பட்டன என்று பதில் வந்தது. டாக்டர் காலமாகிவிட்டார். மில் இல்லை. என் வாக்கியம் மட்டும் ஊரில் உயிரோடு இருந்தது.

தெருவில்

மில் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நான் போனது சாயங்காலம், குழாயில் தண்ணீர் வருகிற நேரம். இசக்கிமுத்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உள்ளே ஓடுகிற டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் சுத்தமாக இல்லை. ஏதோ நகைச்சுவைக் காட்சி. சரியான இடத்தில் சிரித்தான்.

"வாங்க சார்வாள்" என்று வேலம்மாள் எழுந்தாள். "அவியகிட்ட பேசணுமா? பேசுங்க. காப்பி போடுதேன்." உள்ளே போய்விட்டாள்.

சட்டைப் பையிலிருந்து நான் எழுதிக்கொண்டு போன தாளை எடுத்தேன். பழக்கம். முகத்துக்கு நேராகத் தூக்கியதும் அவன் கை நீண்டு அதைக் கீழே அழுத்தியது. "தாளு வேண்டாம். வாயால சொல்லும்."

மெதுவாகச் சொன்னேன். "அன்னைக்கு நான் எழுதினது பொய்."

அவன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தான். "கேக்கலை."

இன்னும் கொஞ்சம் உயர்த்திச் சொன்னேன்.

"என்னது? பலமாச் சொல்லும் சார்வாள்."

கத்தினேன். "ஒங்க காது போனது வயசால மட்டும் இல்லை! மில்லுதான் முக்காவாசி! எனக்கு அப்பவே தெரியும்! தெரிஞ்சே இல்லைன்னு எழுதிக் கொடுத்தேன்!" முக்கால்வாசி என்று எந்தக் கணக்கிலும் வரவில்லை. கத்தும்போது தசம இடம் நிற்பதில்லை.

குழாயடியில் குடங்கள் நின்றன. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பைக்கில் போன ஒருவன் காலை ஊன்றி நிறுத்தினான். "யாருலே அந்தக் கிழவர்?" என்று யாரோ கேட்டார்கள்.

"இன்னும் ஒருக்கா" என்றான் இசக்கிமுத்து.

"இவுங்க யாரும் நடிக்கலை! நான்தான் பொய் சொன்னேன்!" இருமல் வந்துவிட்டது. எச்சில் என் சட்டையிலேயே தெறித்தது.

அவன் குவித்த கையை இறக்கினான். சாதாரணமாகச் சொன்னான்: "மொதல்ல பைய சொன்னீருல்லா, அப்பவே தெரிஞ்சிட்டு. அந்தச் சத்தத்துக்குள்ள ஆயுசு பூரா உதட்டைப் பாத்துத்தான பேசிக்கிட்டோம். அன்னைக்கு மாடியில தாளைத் தூக்கி வாயை மறைச்சிட்டேரு. இன்னைக்குத் தெரிஞ்சுது."

"பெறவு ஏன்வே என்னையக் கத்த வச்சீரு?"

"எனக்குத் தெரிஞ்சாப் போதுமா? அன்னைக்கு ரூமு பூரா சிரிச்சுது. இன்னைக்குத் தெரு பூரா கேக்காண்டாமா?"

வேலம்மாள் காப்பியோடு நிலைப்படியில் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், யார் யார் வெளியே வந்திருக்கிறார்கள் என்று. தம்ளரை என் கையில் கொடுக்காமல் வாசல் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவன் கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். "நடங்க. அந்தப் பெஞ்சில இருந்தவன்ல பாதிப்பேரு செத்தாச்சு. செத்தவனுக்குக் கேக்காது. வீட்டுல இருக்குறவளுக்குக் கேக்கும்."

முதலில் போன வீட்டில் ஒரு விதவை. நான் கத்தியதைக் கடைசிவரை கேட்டாள். "இதை அவுக இருக்கையில வந்து சொல்லியிருக்கலாம்லா" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் என் அருமையான காதில் தெளிவாகக் கேட்டது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. நாளைக்கு வருகிறேன் என்று சைகை காட்டினேன்.

இசக்கிமுத்து அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டான். அது தெருவின் நடு வீடு. இரண்டு பக்கமும் கேட்கும்.

"ஏலே, இங்கன நின்னு சொல்லு" என்றான். "பைய சொல்லாத."

சொன்னேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அந்த "ஏலே" இப்போதுதான். அதில் இருந்தது பழைய உறவா, இளக்காரமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு தடவை கேட்டதை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்று காலமெல்லாம் பாடம் நடத்தியவன் நான்.